உழிஞையும் நொச்சியும்: கான் சாகிபு வரலாறு சொல்லப்பட்ட முறைகள்

ஆநிரை கவரச் செல்வோர் வெட்சிப் பூச்சூடுவர். அந்நிரையை மீட்கச் செல்வோர் கரந்தைப் பூச்சூடுவர். மதிலை வளைப்போர்க்கு உழிஞை; மதில் காப்போர்க்கு நொச்சி. தொல்காப்பியர் கரந்தையை வெட்சிக்குள்ளும் நொச்சியை உழிஞைக்குள்ளும் அடக்கி இலக்கணம் வகுத்தார். புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனார் அவற்றைத் தனித்தனித் திணைகளாகப் பிரித்தார். இலக்கணிகளிடையே உள்ள இவ்வேறுபாடு ஒருபுறம் இருக்க, இம்மரபு உணர்த்தும் அடிப்படை உண்மை ஒன்று உண்டு. நிகழ்ச்சி ஒன்றே. நிரையும் ஒன்றே; மதிலும் ஒன்றே. நிற்கும் இடத்திற்கேற்பச் சூடும் பூவும் சொல்லும் பெயரும் வேறாகின்றன. ஒரு போருக்கு இரு பெயர் வேண்டும் என்பதைப் பழந்தமிழர் தம் கவிதை இலக்கணத்திலேயே ஏற்றுக்கொண்டிருந்தனர்.

வரலாற்றுப் பாடநூல்கள் இந்த இலக்கணத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அவை ஒரு பூவை மட்டும் சூடிக்கொண்டு, அதுவே அப்போரின் இயற்கைப் பெயர் என்று மாணவர்க்குக் கற்பிக்கின்றன. இம்மறதி எத்தகைய விளைவுகளை உண்டாக்கும் என்பதற்கு மதுரை மாநகரும் அதைச் சூழ்ந்த சமவெளியும் தெளிவான சான்றாக நிற்கின்றன. அச்சான்றின் நடுவே நிற்பவர் 18-ஆம் நூற்றாண்டின் போர்வீரர் ஒருவர். பிறந்தபோது அவர் பெயர் மருதநாயகம் என்பது மரபு. கம்பெனியின் ஏடுகளில் அவர் முகமது யூசுப் கான். பாமரர் நாவில் கம்மந்தான் கான் சாகிபு. மதுரையின் மேற்கே சம்மட்டிபுரத்தில், 1764-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட அவருடைய அடக்கத்தலம் இன்றும் உள்ளது. 1808-இல் அதன்மேல் எழுப்பப்பட்ட சிறு பள்ளிவாசலையும் காணலாம்.

பெயர் மூன்று, வரலாறுகளோ மூன்றினும் மிகுதி. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோர்க்கு, வரலாறு எங்கே வேறுபடுகிறது, எங்கே வேறுபட இயலாது என்னும் இரண்டும் விளங்கும்.

நத்தம் கணவாய், 1755

கான் சாகிபுவின் தனி வரலாறு தொடங்குமுன், அவர் ஒரு படைத்தலைவராக உடன்சென்ற படையெடுப்பு ஒன்றைக் காண வேண்டும். 1755-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபு முகமது அலியின் பொருட்டுத் தென்பாண்டி நாட்டில் வரி தண்டுவதற்காகக் கர்னல் ஹெரான் தலைமையில் கம்பெனிப் படை வந்தது. அப்படை மதுரைக்கு அருகிலுள்ள கோவில்குடிக் கோயிலைத் தாக்கியது. அது இன்றைய திருமோகூர்க் கோயிலே என்பர். அங்கிருந்த திருமேனிகளைப் படையினர் எடுத்துச் சென்றனர். தெற்கே வரி தண்டிவிட்டுப் படை திரும்புகையில், அவ்வாண்டு மே மாத இறுதியில், நத்தம் கணவாயின் அடர்காட்டில் கள்ளர் நாட்டு மக்கள் வழிமறித்துத் தாக்கினர். வண்டிகள் சிதறின, திருமேனிகள் மீட்கப்பட்டன. தாக்கியோர் ‘சாமி, சாமி’ என்று முழங்கினர் என்ற செய்தியும் நிலைத்துள்ளது.

இந்நிகழ்ச்சியை விரிவாக எழுதியவர் ராபர்ட் ஓர்ம். அவர் அக்காலத்தில் சென்னைக் கோட்டையின் ஆலோசனைச் சபையில் உறுப்பினராக இருந்தவர். அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1763-இல் இலண்டனில் வெளிவந்தது. திருமேனிகள் கவரப்பட்டதை ஓர்ம் மறைக்கவில்லை; மீட்கப்பட்டதையும் மறைக்கவில்லை. செய்தியளவில் அவர் நேர்மையானவர் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் அவருடைய கதையில் படை என்பது ஒழுங்குடைய படை. காட்டிலிருந்து பாய்ந்தவர் கொள்ளைக் கூட்டத்தார். கவர்ந்தவர் யார், மீட்டவர் யார் என்பதற்கான சான்று அவர் எழுத்திலேயே இருக்கிறது. பெயரிடும்போது மட்டும் அச்சான்று மறைந்துவிடுகிறது. புறத்திணை கற்ற ஒரு தமிழ் மாணவர் அப்பக்கங்களைப் படிப்பாராயின், ஹெரானின் படை வெட்சி சூடியது என்றும் நத்தத்தார் கரந்தை சூடினர் என்றும் எளிதில் எழுதிவிடுவார். ஹெரான் பின்னர் கையூட்டுக் குற்றச்சாட்டின் பேரில் படைத்துறை விசாரணைக்கு உள்ளாகிப் பணி நீக்கப்பட்டார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் பேரில் எழுந்தது பணம் பற்றிய குற்றச்சாட்டு.

கம்பெனியின் ஏடுகளில்

யூசுப் கான் இராமநாதபுரம் சீமையின் பனையூரில் ஏறத்தாழ 1725-இல் பிறந்தவர் என்பர். இளமையில் ஊரை விட்டு வெளியேறி, இசுலாத்தைத் தழுவி, சிப்பாயாகப் படையிற் சேர்ந்தார். திருச்சிராப்பள்ளி முற்றுகைப் போர்களில் அவருடைய ஆற்றலைக் கண்ட மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்சு அவரை மிகவும் போற்றினார். கம்பெனியின் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவராக உயர்த்தப்பட்டார். தங்கப் பதக்கமும் பெற்றார். ‘கமாண்டன்ட்’ என்னும் பதவிப் பெயரே மக்கள் நாவில் கம்மந்தான் ஆயிற்று. 1758-ஆம் ஆண்டு இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து பிரெஞ்சுக்காரரின் உணவு வழிகளை இடைவிடாது தாக்கி அவர்களைத் தளரச் செய்தவர்களுள் இவர் முதன்மையானவர். 1759-இல் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகையில் பொறுப்பாளராகத் திரும்பி வந்தார்.

இதுவரை கம்பெனி ஏடுகளில் அவர் விசுவாசத்தின் வடிவம். அடுத்த சில ஆண்டுகளில் அதே ஏடுகள் அவரைக் கலகக்காரர் என்கின்றன. 1914-இல் சாமுவேல் சார்லஸ் ஹில் என்னும் ஆங்கில அறிஞர் சென்னை ஆவணங்களைத் துருவி எழுதிய நூல்தான் கான் சாகிபு பற்றிய முதல் முழுமையான வாழ்க்கை வரலாறு. அதன் தலைப்பிலேயே ‘கலகத் தளபதி’ என்னும் தொடர் அமைந்துள்ளது. நூலின் உள்ளே ஹில் தம் நாயகரின் திறமையைத் தாராளமாகப் புகழ்கிறார். அவரை அந்நிலைக்குத் தள்ளிய சூழ்ச்சிகளையும் விளக்குகிறார். எனினும் தலைப்பைப் பார்த்த அளவில் நூலை மூடிவைப்பவரே மிகுதி. தலைப்பு கற்பிக்கும் வரலாறு வேறு. பக்கங்கள் கற்பிக்கும் வரலாறு வேறு.

கம்பெனியைச் சார்ந்தோர் யாவரும் ஒரே குரலில் பேசினர் என்று கருதுவதும் பிழை. 1783-இல் தென்னாட்டில் படை நடத்திய கர்னல் புல்லர்ட்டன், கான் சாகிபு இறந்து இருபது ஆண்டுகள் ஆகியும் அவருடைய ஆட்சித் திறனையும் நீதியையும் மக்கள் நினைவிற் கொண்டிருந்ததைக் கண்டு வியந்து எழுதினார். தூக்கிலிட்ட கம்பெனியின் படையதிகாரியே இவ்வாறு எழுதினார் என்பது, ஒரு தரப்புக்குள்ளேயே பல நோக்குகள் இருக்கக்கூடும் என்பதற்குச் சான்றாகும்.

பாரிசில் எழுதப்பட்ட வரி

கலகம் என்னும் சொல்லுக்கு ஒரு தலைவர் வேண்டும். யாருக்குக் கட்டுப்பட வேண்டியவர் யாருக்கு எதிராக எழுந்தார் என்று சொன்னால்தான் அது கலகம் ஆகும். யூசுப் கான் கம்பெனியின் ஊழியரா, நவாபின் குத்தகைதாரரா? இவ்வினாவே சிக்கலின் வேர். தாம் கம்பெனிக்கே கடமைப்பட்டவர் என்பது அவர் நிலை. மதுரை தமக்கு உரிய நாடு. அங்குள்ள குத்தகைதாரர் தமக்கே அடங்கியவர் என்பது முகமது அலியின் நிலை. கம்பெனி முடிவில் நவாபின் பக்கம் சாய்ந்தது. நவாபு கம்பெனிக்குப் பெரும் கடன்பட்டிருந்தார். அவருடைய வருவாய் பெருகினால்தான் கடன் தீரும்.

இதற்கிடையே வேறொரு கண்டத்தில் வேறொன்று நடந்தது. ஐரோப்பிய வல்லரசுகளின் ஏழாண்டுப் போரை முடித்து வைத்த பாரிசு உடன்படிக்கை 1763-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கையெழுத்தாயிற்று. அதன் ஒரு பிரிவு, முகமது அலியைக் கருநாடகத்தின் சட்டப்படியான நவாபு என்று இங்கிலாந்தும் பிரான்சும் ஏற்பதாகக் கூறிற்று. வைகைக் கரையைக் கண்டிராத தூதர்கள் எழுதிய அவ்வரி, நவாபின் உரிமைக்கு ஐரோப்பிய முத்திரையையும் அளித்தது. அவ்வாண்டிலேயே மதுரைக் கோட்டையின்மேல் பிரெஞ்சுக் கொடி பறந்தது. கான் சாகிபுவின் பணியில் மார்ஷான் என்னும் பிரெஞ்சு அதிகாரியும் அவர்தம் வீரரும் இருந்தனர். நவாபின் படையும் கம்பெனியின் படையும் கோட்டையைச் சூழ்ந்தன.

அம்முற்றுகை 1763-இல் தோல்வியுற்று, மழைக்காலத்தில் கைவிடப்பட்டது. மறு ஆண்டு மேஜர் சார்லஸ் காம்பெல் தலைமையில் மீண்டும் தொடங்கிற்று. 1764 ஜூன் மாத இறுதியில் நடந்த பெருந்தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. மேஜர் பிரெஸ்டன் அதிற் பட்ட காயத்தால் இறந்தார். பீரங்கியால் ஆகாததைப் பட்டினியால் முடிக்கக் கருதிய கம்பெனி, உணவு வழிகளை அடைத்தது. அக்டோபர் மாதத்தில், உள்ளிருந்தோரே அவரைப் பிடித்துக் கட்டி வெளியே ஒப்படைத்தனர். மார்ஷானும் திவான் சீனிவாசராவும் அச்சூழ்ச்சியில் முன்னின்றவர்கள். தொழுகையில் இருந்தபோது பிடித்தனர் என்று மக்கள் சொல்வர். உடலைத் துண்டாக்கி வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினர் என்பதும் அவர்கள் சொல்லி வருவதே.

நெற்கட்டும்செவலிலிருந்து பார்க்கையில்

மதுரைக் கோட்டையிலிருந்து தென்மேற்கே, மலையடிவாரத்துப் பாளையங்களுக்குச் சென்றால் அதே மனிதரின் உருவம் முற்றிலும் மாறிவிடுகிறது. நெற்கட்டும்செவலைத் தலைமையிடமாகக் கொண்ட புலித்தேவர் நவாபுக்கும் கம்பெனிக்கும் கப்பம் கட்ட மறுத்து மேற்குப் பாளையக்காரரை ஒன்று திரட்டினார். அவரை அடக்க வந்தவர் யூசுப் கான். 1761-ஆம் ஆண்டு மே மாதத்தில் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் அவர் கைப்பட்டன. கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோனும் அவருடைய வீரரும் யூசுப் கானின் படையாற் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டனர் என்பது அப்பகுதியினர் போற்றி வரும் மரபு.

இம்மக்களுக்குக் கான் சாகிபு அன்னியரின் கையாள். அவர் பிற்காலத்தில் அதே அன்னியரை எதிர்த்து மடிந்தார் என்னும் செய்தி, எரிந்த ஊர்களின் நினைவை ஆற்றாது. புலித்தேவர் 1764-இல், கான் சாகிபு வீழ்ந்த அவ்வாண்டிலேயே, நெற்கட்டும்செவலை மீண்டும் கைக்கொண்டார் என்பதை அவர்கள் நீதியின் கணக்காகவே கொள்வர். பள்ளிப் பாடநூல்களும் பெரும்பாலும் இந்நோக்கையே பின்பற்றுகின்றன. அவற்றில் யூசுப் கான் புலித்தேவர் வரலாற்றின் இடையே பகைவராக நுழைந்து, கோட்டைகளைக் கைப்பற்றி, பின்னர் தூக்கிலிடப்பட்டார் என்னும் ஓரிரு வரிகளில் மறைகிறார். பிறிதொரு புறம், அவரை வெள்ளையரை எதிர்த்து உயிர் நீத்த முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றும் நூல்களும் தமிழில் உண்டு. அவற்றிலோ நெற்கட்டும்செவல் விரைவாகக் கடந்து செல்லப்படும் ஊர்.

துரோகம் என்னும் ஒரு சொல் இவ்வரலாறு முழுவதும் கைமாறிக் கைமாறிச் செல்கின்றது. கம்பெனி ஏட்டில் யூசுப் கான் துரோகம் செய்தவர். நெற்கட்டும்செவலில் அவர் மண்ணுக்குத் துரோகம் செய்தவர். மதுரைத் தெருக்களில் அவர் துரோகத்தால் வீழ்ந்தவர். சீனிவாசராவும் மார்ஷானும் சென்னைக் கோட்டையின் கணக்கில் காலத்தில் உதவியோர். மக்கள் கணக்கில் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தோர். இச்சொல்லை யார், யாரை நோக்கி, எந்த ஆண்டில் சொன்னார் என்று கேளாமல் பொருள் கொள்ள இயலாது.

பாடினோர் கண்ட கான் சாகிபு

எழுத்தறியாதோர் வரலாறு எழுதுவதில்லை, பாடுவர். ‘கான் சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடல் அவ்வாறு பிறந்தது. ஏட்டுச் சுவடியிலும் வாய்வழியிலும் வாழ்ந்த அதனைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்டது. 1966-இல் தோன்றிய ஒரு பல்கலைக்கழகம், தன் ஊரின் தூக்குமரக் கதையைத் தெருப்பாடகரின் மொழியிலேயே அச்சேற்றியது தமிழ் ஆய்வுலகில் குறிக்கத்தக்க நிகழ்ச்சி. அதுவரை ‘நம்பத்தகாத கட்டுக்கதை’ என்று ஒதுக்கப்பட்டவை, வேறு வகைச் சான்றாக அவைக்கு வந்தன.

அக்கதைப்பாடல் சென்னைக் கோட்டையின் கடிதப் போக்குவரத்தையோ பாரிசு உடன்படிக்கையையோ அறியாது. சிவகங்கைப் பிரதானி தாண்டவராய பிள்ளைக்கும் கான் சாகிபுவுக்கும் இடையே மூண்ட பகை அதில் பெரிய இடம் பெறுகிறது. உலக வல்லரசுகளின் போட்டியாக ஹில் காண்பதைப் பாடகர் அண்டை நாட்டார் இருவரின் மானப் போராகக் காண்கிறார். தேதிகளுக்குப் பாடலை நம்ப இயலாது. அதற்குக் கடிதங்கள் வேண்டும். ஒரு வைகைக்கரைக் குடியானவர்க்கு அப்போர் எவ்வாறு தோன்றியது என்பதற்குக் கடிதங்களை நம்ப இயலாது. அதற்குப் பாடல் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று திருத்தும் சான்றுகள்.

நினைவு பாடலில் மட்டும் தங்கவில்லை. மதுரை நகரில் கான்சாமேட்டுத் தெரு உண்டு; திருவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் கான்சாபுரம் என்னும் ஊர் உண்டு. அதிகாரத்தார் தூக்கிலிட்ட ஒருவரின் பெயரைத் தெருவுக்கும் ஊருக்கும் உரியதாக வைத்துக் காத்தோர், தம் தீர்ப்பை மண்ணிலேயே எழுதி வைத்தனர் எனலாம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு முன்னாள் ஆட்சியாளரால் தடைப்பட்ட வருவாயை அவர் மீண்டும் கிடைக்கச் செய்தார் என்னும் மரபும் உண்டு. பிறப்பால் ஒரு சமயத்தவராகவும் வாழ்வால் மற்றொரு சமயத்தவராகவும் இருந்த அவரைத் தம்மவராக மட்டும் உரிமை கொண்டாட விரும்புவோர்க்கு இம்மரபு இடையூறாகவே இருக்கும். அவ்விடையூறு வரலாற்றுக்கு நன்மை பயப்பது.

1997-ஆம் ஆண்டு அக்டோபரில் இவருடைய வரலாற்றைத் திரைப்படமாக்க நடிகர் கமல்ஹாசன் சென்னையில் தொடக்க விழா எடுத்தார். இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் அவ்விழாவிற்கு வந்திருந்தார். இங்கிலாந்து அரசரின் பட்டயத்தால் வாழ்ந்த கம்பெனி தூக்கிலிட்ட ஒருவரின் கதைக்கு, 233 ஆண்டுகள் கழித்து அந்நாட்டு அரசியே விருந்தினர். அப்படம் முடிவுறவில்லை. எனினும் சில மணி நேரம் நடந்த அவ்விழாவே, கலகக்காரர் என்னும் பெயர் எத்துணை நிலையற்றது என்பதைக் காட்டிவிட்டது.

பெயர் சட்டமான கதை

நோக்கு வேறுபாடு என்பது அறிஞர் அவையில் பேசி மகிழும் பொருள் மட்டுமாயின் கவலையில்லை. ஒரு தரப்பின் சொல் மட்டும் ஏட்டில் நிலைத்து, ஏடு அலுவலகத்துக்குள் நுழைந்து, அலுவலகம் சட்டம் செய்யத் தொடங்கும்போதுதான் அது உயிர்களைத் தொடுகிறது. நத்தம் கணவாயில் திருமேனிகளை மீட்டோரை ஓர்ம் எப்பெயரால் அழைத்தாரோ, அந்நோக்கு அவரோடு முடியவில்லை. 1868-இல் நெல்சன் அரசாங்கத்துக்காக எழுதிய மதுரை நாட்டுக் கையேடு கள்ளர் குலத்தாரைப் பற்றி விரிவாக எழுதிற்று. 1909-இல் தர்ஸ்டன் தம் குலங்கள், குடிகள் பற்றிய பெருந்தொகுப்பில் நெல்சனின் வரிகளைப் பெரிதும் எடுத்தாண்டார். ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்தாள, ஒரு தரப்பின் பார்வை பலர் கூறிய சான்று போன்ற தோற்றம் பெற்றது. ஊர்க்காவல் என்னும் பழைய ஏற்பாட்டை ஊரார் எவ்வாறு கண்டனர், அதிகாரிகள் எவ்வாறு கண்டனர் என்னும் வேறுபாடு ஏடுகளில் மறைந்தது.

1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தபோது, உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிப் பிரமலைக் கள்ளர் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதிவு செய்யப்பட்டனர். கைரேகை பதிய வேண்டும். இரவில் ஊர் விட்டு ஊர் செல்ல அனுமதி வேண்டும். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை எதிர்த்து நின்ற மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். 1947-இல்தான் அச்சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்கியது. நத்தத்திற்கும் பெருங்காமநல்லூருக்கும் இடையே 165 ஆண்டுகள் உள்ளன. நாட்டுப் பிரிவுகளும் வேறு. சட்டத்துக்குப் பொருளியல் காரணங்களும் ஆட்சிக் காரணங்களும் பல. ஆயினும் கரந்தை சூடியோர்க்கு ஏட்டில் ஒரு பூ இல்லாமற் போனது அக்காரணங்களுள் ஒன்று என்பதை மறுத்தல் அரிது.

இந்தியா முழுமைக்கும் இதனையொத்த பெயர்ப் போராட்டம் 1857-ஐப் பற்றி நடந்தது. சிப்பாய்க் கலகம் என்று ஆங்கிலேயர் எழுதியதை, 1909-இல் சாவர்க்கர் விடுதலைப் போர் என்று எழுதினார். நூற்றாண்டு நினைவாக 1957-இல் சுரேந்திரநாத் சென்னும் ரமேஷ் சந்திர மஜும்தாரும் எழுதிய நூல்கள் இரண்டுமே எளிய விடைகளை ஏற்கவில்லை. விடுதலை பெற்ற நாட்டிலும் அறிஞர்கள் ஒரே பெயரில் உடன்படவில்லை என்பது குறை அன்று; ஆய்வு உயிரோடு இருந்ததன் அடையாளம்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

நோக்குகள் பலவாயின், எல்லா வரலாறும் சமமான உண்மையோ என்னும் ஐயம் எழும். கான் சாகிபு வரலாறே இதற்கு விடை தருகிறது. 1761-இல் மூன்று கோட்டைகள் அவர் கைப்பட்டன என்பதை அவரைப் போற்றுவோரும் மறுக்க இயலாது. 1764-இல் உள்ளிருந்தோர் காட்டிக்கொடுத்தே அவர் பிடிபட்டார் என்பதைக் கம்பெனி ஏடுகளும் மறைக்கவில்லை. இவை மதில் போன்றவை. உழிஞையாரும் நொச்சியாரும் நிற்பது அதே மதிலின் இரு புறங்களில். மதிலே இல்லை என்போர் இரு திணையிலும் சேராதவர். சான்றால் உறுதிப்படுவது ஒன்று. அதற்கு இடும் பெயர் வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பதே வரலாற்று ஆசிரியரின் முதற் கடமை.

நடைமுறையில் இது கடினமன்று. கான் சாகிபு தூக்கிலிடப்பட்ட நாளை எடுத்துக்கொண்டு, அன்று மாலை சென்னைக்கு எழுதும் கம்பெனி அதிகாரி, நெற்கட்டும்செவலின் வீரர், கோட்டைக்குள் பட்டினி கிடந்த சிப்பாய், சிவகங்கைப் பிரதானி ஆகியோர் அச்செய்தியை எவ்வாறு கேட்டிருப்பர் என்று மாணவரை எழுதச் செய்யலாம். எழுதிய பின், ஒவ்வொருவரும் எச்செய்தியை விட்டுவிட்டனர் என்று கேட்கலாம். இரண்டாவது வினாவே பெரிது. அவ்வினாவைத் தொடர்ந்து சென்றால், எல்லாத் தரப்பும் ஒருங்கே விட்டுவிட்டோர் சிலர் இருப்பது தெரியவரும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகையைத் தம் நெல்லாலும் பருத்தியாலும் கட்டிய சமவெளிக் குடிகள், ஈராண்டு முற்றுகையில் வைகைக்கரை வயல்களை இழந்தோர், கோட்டைக்குள் அகப்பட்ட பெண்டிர், குழந்தைகள் ஆகியோர்க்கு ஏட்டிலும் இடமில்லை. பாட்டிலும் மிகச் சிறிதே. நொச்சிக்கும் உழிஞைக்கும் அப்பால் பூவே சூடாத மக்கள் இருந்தனர் என்பதை உணரும் மாணவர், எந்தப் பாடநூலையும் அதன் பின் ஐயமின்றிப் படிக்கமாட்டார்.

கவிஞர்க்கும் இதில் பங்குண்டு. மேடையில் பாடப்படும் வரலாற்றுக் கவிதைகள் வகுப்பறையைவிட விரைவாகப் பரவுகின்றன. வீரர் ஒருவரைப் போற்ற எழும் பாட்டு, அவர் எரித்த ஊரையும் ஒரு சீரளவேனும் நினைத்தால் அவருடைய பெருமை குறைந்துவிடாது. தம் அரசரைப் பாடிய புலவர்கள் பகைவரின் பாழான நாட்டையும் கைம்மை பூண்ட மகளிரையும் பாடிய மரபு தமிழில் பழையது. ஒரு பக்கம் நின்று பாடும்போதும் மறுபக்கத்தைக் காணும் கண் அம்மரபுக்கு இருந்தது.

1763-லும் 1764-லும் குண்டுகள் தாக்கிய மதுரைக் கோட்டை இன்று இல்லை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதில்கள் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, வெளி வீதிகளும் மாரட்டு வீதிகளும் உருவாயின. பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே மேலைக் கோட்டை வாயிலின் ஒரு பகுதி மட்டும் எஞ்சியுள்ளது. நாள்தோறும் அதனைக் கடந்து செல்வோர் பல்லாயிரவர். அவர்களுள் ஒரு பள்ளி மாணவர் நின்று, இக்கல்லின் உட்புறம் நின்றவர் யார், வெளிப்புறம் நின்றவர் யார் என்று கேட்பாராயின், அவர்க்கு விடை சொல்லும் ஆசிரியர் இரண்டு பூக்களின் பெயரையும் அறிந்திருத்தல் வேண்டும்.